ஊசி, நூல், ஒரு கொலை... பாட்டி துப்பறிந்தால் எப்படி இருக்கும்?

ஆடி ஞாயிறு. பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலைச் சுற்றி கால் வைக்க இடமில்லை. வேண்டுதலுக்காக வேப்பிலை ஆடை உடுத்தும் பக்தர்கள் வந்தபடி இருக்கிறார்கள். அங்கே ஒரு பாட்டி, வேப்பிலையைக் கயிற்றில் வைத்துக் கட்டிக்கொண்டே கூட்டத்தைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் ஒரு குற்றம் நடந்தால், போலீஸுக்கு முன்பே அவர் கண்டுபிடித்துவிட்டால்?

இப்படிப்பட்ட கதைகளுக்கு ஆங்கிலத்தில் 'கோஸி மிஸ்ட்ரி' என்று பெயர். கொலை உண்டு, கொடூர வர்ணனை கிடையாது. சின்ன ஊர், தெரிந்த முகங்கள். துப்பறிபவர் போலீஸ் அல்ல. பின்னல், தையல், சமையல் என்று ஏதாவது ஒன்றில் ஆர்வமுள்ள சாதாரண மனிதர். வீட்டில் எல்லா வயதினரும் பயமில்லாமல் படிக்கலாம்.

எண்ணிக்கையில் விடுபட்டவர்

இந்த வகையின் மூத்தவர், அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிள். 1927-ல் வெளியான முதல் சிறுகதையில், அவர் வீட்டிலேயே சிலர் கூடி மர்மங்களைப் பேச ஒரு குழு அமைக்கிறார்கள். ஆட்களை எண்ணும்போது, ஓரமாகப் பின்னல் போட்டுக்கொண்டிருக்கும் மார்ப்பிளை மறந்துவிடுகிறார்கள். கடைசியில் விடையைச் சொல்வது அவர்தான்! பின்னர் 12 நாவல்களில் துப்பறிந்தார். கையில் கம்பளி நூல் இருப்பதால் யாரும் அவரைப் பொருட்படுத்துவதில்லை. அதுதான் அவரது பலம்.

கடைக்குள் ஒரு க்ளூ

அமெரிக்காவில் இது தனி வகையாகவே வளர்ந்தது. எர்லின் ஃபவ்லரின் பென்னி ஹார்ப்பர் தொடர் 1994-ல் தொடங்கியது. ஒட்டுத்துணிப் போர்வைகளின் டிசைன் பெயர்களே அதில் நாவல் தலைப்புகள். மோனிகா ஃபெரிஸின் தொடரில், கொலையான சகோதரியின் எம்பிராய்டரி கடையை நடத்தியபடியே நாயகி துப்பறிகிறார்.

நம் சாம்பு

தமிழில் கணேஷ் - வசந்த் வக்கீல்கள். பரத் - சுசீலா துப்பறியும் ஏஜென்சி நடத்துபவர்கள். சாதாரண மனிதர் என்றால் உடனே நினைவுக்கு வருபவர், 1940-களில் ஆனந்த விகடனில் தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'. பேங்க் கிளார்க்கான சாம்பு எதையோ செய்யப்போக, குற்றவாளி மாட்டிக்கொள்வார். காத்தாடி ராமமூர்த்தி நடிப்பில் தூர்தர்ஷனிலும் வீடுகளைச் சிரிக்க வைத்தார்.

ஆனால், சாம்பு ஜெயித்தது அதிர்ஷ்டத்தால். மார்ப்பிள் ஜெயித்தது கவனத்தால். பின்னலில் ஒரு கண்ணி விட்டுப்போனால் முழு வரிசையும் கோணும். அதைக் கண்டுபிடித்துப் பழகிய கண், ஒருவர் சொல்லும் கதையில் விட்டுப்போன இடத்தையும் பிடித்துவிடும்.

அந்தக் கண் நம் வீடுகளிலும் இருக்கிறது. பூக்கட்டும் அத்தை, கூடை பின்னும் பாட்டி, தையல் மெஷின் முன் உட்கார்ந்திருக்கும் அம்மா... தெருவில் நடப்பது எதுவும் இவர்களுக்குத் தப்பாது. அவர்கள் சொல்வதைத்தான் நாம் பல நேரம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அடுத்த முறை வீட்டில் ஆட்களை எண்ணும்போது, ஓரத்தில் ஊசி நூலோடு இருப்பவரையும் சேர்த்து எண்ணுங்கள். ஒரு நல்ல துப்பறியும் கதை அங்கிருந்தே தொடங்கலாம்!