மெய்நிகர் கணினியின் அகால மரணம்

மெய்நிகர் கணினி ஒன்று முன்னறிவிப்பின்றி அணைந்து மறுபடி துவங்குமாயின், அதன் சொந்தப் பதிவேட்டையே புரட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலோர் சுபாவம். அங்கேயோ வரிகள் சட்டென்று அறுந்திருக்குமேயன்றி, காரணம் யாதொன்றும் இராது. 2007-ஆம் ஆண்டு முதல் லினக்ஸின் அங்கமாயுள்ள கே.வி.எம். என்னும் மெய்நிகராக்க முறையில், இத்தகைய கணினி ஒவ்வொன்றும் அதைத் தாங்கும் மூல இயந்திரத்துக்கு ஒரு சாதாரண நிரலோட்டமே. ஆகவே, 16 ஜி.பி. நினைவகத்தை வைத்துக்கொண்டு, தலைக்கு 6 ஜி.பி. வீதம் மூவருக்கு வாக்களித்துவிட்டு (தாராள மனந்தான்!), மூவரும் ஏககாலத்தில் வந்து கேட்கையில், லினக்ஸ் தன் பிராணனைக் காக்கும் பொருட்டு, அதிகம் உண்பவனையே பெரும்பாலும் பலியிடுகிறது. அந்தச் சம்ஹாரத்தின் சாட்சியம் மூல இயந்திரத்தின் பதிவேட்டில்தான் கிடைக்கும். ஒதுக்கீட்டைக் குறைத்து, மூல இயந்திரத்துக்கும் சிறிது மிச்சம் வைப்பதே பரிகாரம். அந்தப் பதிவேட்டிலும் சாட்சியம் இல்லையேல், மூல இயந்திரத்தின் நினைவகச் சில்லையும் உஷ்ணத்தையும் மின்வழங்கியையும் பரீட்சிக்க வேண்டும்.