நல்ல பொருளை ரிஜெக்ட் செய்திடும் எக்ஸெல்!

வாலாஜாபாத்தில் இருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ்ஸில் செல்பவர்களில் பலருக்கு எக்ஸெல் அன்றாட வேலை. குவாலிட்டி பிரிவில் பணிபுரியும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "டிராயிங்படி ஷாப்ட்டின் விட்டம் 43.2 மி.மீ. இதில் 0.1 கூடலாம், குறையலாம். அளந்தது 43.1. சரியாகத்தானே இருக்கிறது? எக்ஸெல் ஏன் ரிஜெக்ட் என்கிறது?"

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஏ2 செல்லில் 43.2, பி2 செல்லில் 43.1 என டைப் செய்திடவும். சி2 செல்லில் =ஏ2-பி2 என அமைத்து என்டர் தட்டவும். 0.1 எனக் காட்டும். பார்மட் செல்ஸ் சென்று டெசிமல் இடங்களை 15 ஆக்கினால், 0.100000000000001 எனத் தெரியும். இது 0.1-ஐ விட அதிகம். எனவேதான் ரிஜெக்ட்!

காரணம் என்ன? கம்ப்யூட்டர் எண்களை பைனரியில் வைக்கிறது. 0.5, 0.25 போன்றவை அதில் முழுமையாக அடங்கும். 0.1 அடங்காது. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333... என எழுதிக் கொண்டே போவது போல, அதுவும் முடிவில்லாமல் நீளும். 1985ல் வந்த ஐ.இ.இ.இ. 754 விதிப்படி, ஓர் எண்ணுக்கு 64 பிட் இடம். மீதி ரவுண்ட் செய்யப்படும். சுமார் 15 இலக்கம் வரை நம்பலாம். கழிக்கும்போது முன்னால் உள்ள 43 மறைந்துவிட, கடைசியில் ஒளிந்திருந்த பிழை வெளியே வருகிறது. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபிஸ் கால்க் ஆகியவற்றிலும் எண்கள் இப்படித்தான் பதியப்படுகின்றன.

சிறு பிழைதானே என விட முடியாது. 1991 பிப்ரவரி 25ல் சவுதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்ரியாட் ஏவுகணை அமைப்பு நேரத்தை 0.1 விநாடிகளாக எண்ணியது. 100 மணி நேரத்தில் பிழை சேர்ந்து 0.34 விநாடியானது. வந்த ஸ்கட் ஏவுகணையைத் தடுக்க முடியவில்லை. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தனர்.

தீர்வு எளிது. வெர்னியர் 0.01 வரை அளக்கிறது என்றால், ஒப்பிடும் முன் இரண்டு இலக்கத்திற்கு ரவுண்ட் செய்திடவும்:

=ரவுண்ட்(ஏபிஎஸ்(பி2-ஏ2),2)<=0.1

இந்த பங்ஷன் பெயர்களை எக்ஸெல்லில் ஆங்கிலத்தில் டைப் செய்திடவும். அல்லது அளவுகளை மைக்ரானில் பதியலாம். 43200-43100 கழித்தால் சரியாக 100 கிடைக்கும்.

டெசிமல் இடங்களைக் குறைக்கும் பட்டனை மட்டும் நம்ப வேண்டாம். அது திரையில் தெரிவதைத்தான் மாற்றும். செல்லில் உள்ள எண் அப்படியே இருக்கும்.