சந்தேகப்பட்டவர்களும் புனிதர்கள் ஆனது எப்படி?

2007ல் வெளியான ஒரு கடிதத் தொகுப்பு பலரை அதிர வைத்தது. எழுதியவர் அன்னை தெரசா. கடவுள் தன்னோடு இருப்பதாக உணரவே முடியவில்லை, உள்ளே வெறும் இருள்தான் என்று தன் ஆன்ம வழிகாட்டிகளுக்கு அவர் எழுதியவை அவை. கொல்கத்தா சேரிகளில் வேலையைத் தொடங்கிய 1948 வாக்கில் இருந்து 1997ல் இறக்கும் வரை, சிறு இடைவெளி தவிர, கிட்டத்தட்ட 50 ஆண்டுகள் இதே நிலைதான்.

அப்படி இருந்தும் 2016 செப்டம்பர் 4 அன்று வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. இது எப்படி?

பாதுகாவலர் என்றால் யார்?

ஒரு ஊருக்கோ, தொழிலுக்கோ, சிக்கலுக்கோ உரியவராகக் கருதப்படும் புனிதரைக் கத்தோலிக்கர்கள் 'பாதுகாவலர்' என்கிறார்கள். நமக்காகக் கடவுளிடம் பரிந்து பேசுபவர் என்பது நம்பிக்கை. சிலரைத் திருச்சபையே முறைப்படி அறிவிக்கும். உதாரணமாக, 2017ல் கொல்கத்தா உயர்மறைமாவட்டத்தின் இணைப் பாதுகாவலராக அன்னை தெரசா அறிவிக்கப்பட்டார். மற்ற பல பொறுப்புகள் மக்கள் வழக்கில் வந்தவை. "எனக்கு நடந்ததுதானே அவருக்கும் நடந்தது" என்ற நெருக்கம்தான் காரணம்.

சந்தேகத்துக்கு யார் யார்?

*தோமா:* ஆபீஸில் எதையும் எளிதில் நம்பாதவரை 'டவுட்டிங் தாமஸ்' என்கிறோமே, அவரேதான். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது, காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்ப முடியாது என்றார். அவர் இந்தியா வந்து மயிலாப்பூர் பகுதியில் கொல்லப்பட்டார் என்பது மரபு. சாந்தோம் பேராலயமும் பரங்கிமலை ஆலயமும் அந்த நினைவில் நிற்பவை. திருவிழா ஜூலை 3.

*லிசியே நகர் தெரேசா:* பிரான்ஸின் கார்மேல் மடத்துத் துறவி. 1896 ஈஸ்டர் காலத்தில் காசநோயோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: சொர்க்கம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கா? அந்தக் கேள்வியோடு போராடியபடியே 1897ல், 24 வயதில் இறந்தார். 1925ல் புனிதரானார். அன்னை தெரசா தனக்குத் தேர்ந்தெடுத்த துறவறப் பெயர் இவருடையதுதான்.

*மோனிக்கா:* சந்தேகம் இவருக்கு இல்லை, மகன் அகுஸ்தினுக்கு. வேறு தத்துவங்களைத் தேடிப் போன மகனுக்காகப் பல ஆண்டுகள் அழுது மன்றாடினார். 387ல் மிலான் நகரில் மகன் ஞானஸ்நானம் பெற்றார். பிள்ளைகள் கோயில் பக்கமே வருவதில்லை என்று வருந்தும் பெற்றோர் தேடிப் போகும் புனிதர் இவர்.

அப்போ, சந்தேகம் பாவமா?

1992ல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதை இரண்டாகப் பிரிக்கிறது (எண் 2088). தெரிந்தே ஏற்க மறுப்பது ஒன்று. நம்ப விரும்பியும் தயங்குவது, கேள்விகளோடு தவிப்பது இன்னொன்று. முதலாவதை விசுவாசத்துக்கு எதிரான பாவங்களோடு சேர்க்கிறது. இரண்டாவதை அதோடு ஒன்றாக்கவில்லை. ஆனால் சந்தேகத்தை வேண்டுமென்றே வளர்த்துக்கொண்டால் ஆன்மா குருடாகலாம் என்றும் எச்சரிக்கிறது.

அன்னை தெரசா விஷயத்திலும் இந்த வேறுபாடு முக்கியம். அந்தக் கடிதங்களைத் தொகுத்து வெளியிட்டது எதிராளி யாரும் இல்லை. அவருடைய புனிதர் பட்ட வழக்கை நடத்திய பாதிரியார் பிரையன் கொலோடியச்சுக்தான். அவருக்கு நம்பிக்கையே போய்விட்டது என்பதற்கு இதுவே சான்று என்றார் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் போன்ற விமர்சகர்கள். எதையும் உணராத நிலையிலும் ஜெபத்தையும் சேவையையும் விடவில்லையே, அதுதான் விசுவாசம் என்றது திருச்சபை. அதாவது, அது எடைபோட்டது அவர் உணர்ந்ததை அல்ல, செய்ததை.

நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, இரண்டு தரப்பு வாதத்தையும் நீங்களே எடைபோடலாம். ஆனால் வேலைக்காக ஊர் மாறி, ஞாயிறு திருப்பலி விட்டுப்போய், "நான் இன்னும் கிறிஸ்தவன்தானா?" என்று உள்ளுக்குள் கூசுகிறவர்கள் தோமா கதையில் ஒரு சின்ன விவரத்தைக் கவனிக்கலாம். அவர் நம்ப மறுத்ததற்கும் இயேசு மீண்டும் வந்ததற்கும் நடுவே 8 நாள். எட்டாம் நாளும் தோமா அதே வீட்டில், அதே நண்பர்களோடுதான் இருந்தார். நம்பாதவரை அவர்கள் வெளியே அனுப்பவில்லை. அவரும் கிளம்பிப் போகவில்லை.