சிகிச்சையை முடித்தால் ஆயிரம் வெள்ளி

புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கினால் 300 வெள்ளி, முழுவதும் முடித்தால் மேலும் 700 வெள்ளி. மலேசிய அரசு குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக நடத்தும் பெக்கா பி40 திட்டத்தில் இப்படியொரு ஊக்கத்தொகை உண்டு. பிழைப்பதற்காக எடுத்துக்கொள்ளும் சிகிச்சைக்குக் காசும் கொடுக்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். டெங்கிலில் தினக்கூலிக்குப் போகும் ஒருவர் புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்குப் போய்வருவதை எண்ணிப் பார்த்தால் பதில் கிடைக்கும். கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள். இயந்திரத்தின் அடியில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான், ஆனால் அன்றைய கூலி போய்விடும். துணைக்கு வரும் மகளுக்கும் சம்பளம் வெட்டுவார்கள். தோல் எரிய ஆரம்பித்த பிறகு, வலியும் கடனும் சேர்ந்து ஆளை வீட்டிலேயே உட்கார வைத்துவிடும். பெரிய தொகையைக் கடைசியில் வைத்தது நல்ல யோசனை.

புத்ராஜெயா எழுந்தபோது பெராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களை விட்டுக் கிளம்பிய தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் குடியேறின. தோட்டத்தில் காய்ச்சல், காயம் என்றால் பார்க்க டிரஸ்ஸர் என்னும் மருத்துவ உதவியாளர் இருப்பார். வெளியே வந்தபின் உடம்பைக் கவனிப்பது அவரவர் பாடாகிவிட்டது.

2019 ஏப்ரலில் தொடங்கிய பெக்கா பி40, முதலில் 50 வயதை எட்டியவர்களுக்கு இருந்தது. 2020 முதல் வயது வரம்பு 40 ஆனது. அரசின் ரொக்க உதவி பெறுவோரும் அவர்களின் கணவர் அல்லது மனைவியும் தனியே விண்ணப்பிக்கத் தேவையில்லை. அடையாள அட்டையுடன் திட்டத்தில் சேர்ந்த கிளினிக்குக்குப் போனால் எடை, ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். மனநலம் பற்றியும் கேட்பார்கள். முடிவைத் தெரிந்துகொள்ள இன்னொரு முறை போக வேண்டும். செலவைச் சுகாதார அமைச்சின் கீழுள்ள புரோடெக்ட்ஹெல்த் ஏற்றுக்கொள்கிறது. சிகிச்சைக்குப் போய்வரும் செலவுக்குத் தீபகற்பத்தில் 500 வெள்ளி வரையிலும், சபா, சரவாக்கில் 1,000 வெள்ளி வரையிலும் கிடைக்கும்.

பரிசோதனை ஏன் இவ்வளவு அவசரம்? 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியர்களிடையே விழுக்காடு 31.4. மூன்றில் ஒருவரை நெருங்கும் இந்தக் கணக்கைப் படித்துவிட்டு எந்தத் தமிழ் வீடும் சும்மா இருக்க முடியாது.

ஊக்கத்தொகையை எதற்கு வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ருவாண்டா 2006-இல் கிராமச் சுகாதார நிலையங்களுக்குச் செய்த வேலைக்கேற்பப் பணம் கொடுக்கத் தொடங்கியது. மருத்துவ நிலையப் பிரசவங்கள் 23 விழுக்காடு கூடின. ஆனால் நான்கு கர்ப்பகாலப் பரிசோதனைகளையும் முடித்த பெண்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஒரு பிரசவத்துக்கு நிலையம் பெற்றது சுமார் நாலரை டாலர். நான்கு பரிசோதனைகளுக்கு 40 சென்ட்கூட இல்லை. அதோடு, கர்ப்பிணி திரும்பத் திரும்ப வருவது அவரையும் அவர் குடும்பத்தையும் பொறுத்தது. நர்ஸ் எவ்வளவு முயன்றாலும் ஓரளவுக்குத்தான் முடியும்.

தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் கர்ப்பிணியைத் திரும்ப வரவைக்கும் அந்த இடத்தில்தான் கை வைத்தது. 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்த உதவியை ஒரேயடியாகத் தராமல், கர்ப்பத்தைப் பதிவு செய்வது, பரிசோதனைக்கு வருவது, அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று கட்டம் கட்டமாகத் தாய்க்கே தருகிறது.

எல்லா இடத்திலும் பரிசு தேவைப்படுவதில்லை. கேமரூனில் வேலைக்கேற்பப் பணம் பெற்ற நிலையங்களைப் போலவே, இலக்கு எதுவும் வைக்காமல் அதே அளவு பணத்தைப் பெற்ற நிலையங்களும் பல அளவுகோல்களில் ஏறத்தாழ அதே முன்னேற்றத்தைக் காட்டின. மருந்து வாங்கவே காசில்லாத நிலையத்துக்கு முதலில் காசுதான் வேண்டும்.

பெக்கா பி40-இல் உள்ளவை நான்கு சலுகைகள்: பரிசோதனை, மருத்துவச் சாதனங்களுக்கு உதவி, புற்றுநோய் ஊக்கத்தொகை, போக்குவரத்துப் பணம். சர்க்கரை இருப்பதாகத் தெரிந்துகொண்ட ஒருவர் அதன்பின் மாத்திரையை விடாமல் எடுக்கிறாரா, ஆறு மாதம் கழித்து அளவு இறங்கியிருக்கிறதா என்பதற்கு இவற்றில் ஊக்கத்தொகை கிடையாது. புற்றுநோயாளிக்கு அந்த 700 வெள்ளியைக் கடைசிவரை வைத்திருந்து கொடுக்கத் தெரிந்த அரசு, டெங்கில் கிளினிக்கில் மாதாமாதம் வரிசையில் நிற்கும் இனிப்பு நீர் நோயாளிக்கும் அவரைத் தொடர்ந்து கவனிக்கும் டாக்டருக்கும் இதையே செய்து பார்க்கலாம்.