இடிச் சத்தத்துக்கு முன்பே வரும் 'கரகர'... மின்னலை ரேடியோ அலைகள் காட்டிக்கொடுப்பது எப்படி?

சொர்ணவாரி பருவத்தில் உத்திரமேரூர் பக்கம் சாயங்காலம் மேற்கே வானம் கறுத்தால், வயலில் நிற்பவர்களுக்கு ஒரே கேள்விதான். இருக்கிற வேலையை முடித்துவிட்டுக் கிளம்பலாமா, இல்லை இப்பவே கிளம்பணுமா? ஏரியும் நெல் வயலுமாக விரிந்து கிடக்கும் ஊர் இது. மழை பிடித்தால் சட்டுனு ஒதுங்கக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு மரம்தான். மின்னல் நேரத்தில் போகக் கூடாத இடமும் அதுதான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்திருக்கிறார்கள். அந்த ஆண்டு இயற்கைச் சீற்றங்களால் நேர்ந்த மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இது.

ரேடியோ ஏன் கரகரக்கிறது?

பழைய மீடியம் வேவ் ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு இது தெரியும். மழைக்கு முன்னாடி பாட்டுக்கு நடுவே 'கரக்... கரக்' என்று சத்தம் வரும். ரேடியோ ரிப்பேர் என்று தலையில் ரெண்டு தட்டு தட்டுவார்கள். பாவம், அது வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

மின்னல் என்பது கண நேரத்தில் பாயும் பல ஆயிரம் ஆம்பியர் மின்சாரம். மின்சாரம் இப்படித் திடீரென்று ஏறி இறங்கும்போது, அதைச் சுற்றி மின்காந்த அலைகள் கிளம்பும். நாம் பார்க்கும் வெளிச்சம் அதில் ஒரு பகுதிதான். கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலைகளும் கூடவே வருகின்றன. மீடியம் வேவ் ரேடியோ, அலையின் உயரம் கூடிக் குறைவதை வைத்து ஒலியை உருவாக்குவதால் இதையும் ஒலியாக்கிவிடுகிறது. எஃப்.எம். அந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டுகொள்ளாது. அதனால் அதில் கரகரப்பு அவ்வளவாகக் கேட்காது.

1880-களின் கடைசியில் ஜெர்மனியின் ஹென்ரிக் ஹெர்ட்ஸ் இந்த அலைகளைச் சோதனைக்கூடத்தில் நிரூபித்தபோது இவற்றை 'மின் அலைகள்' என்றே அழைத்தார்கள். 1895-ல் ரஷ்யாவின் அலெக்சாண்டர் போபோவ் ஒரு கருவியைக் காட்டினார். கண்ணாடிக் குழாய்க்குள் உலோகத் தூள். தூரத்து மின்னலின் அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும், மணி அடிக்கும். அந்த மணியின் சுத்தியலே குழாயையும் தட்டி, தூளை உதிர்த்து, அடுத்த மின்னலுக்குத் தயார் செய்துவிடும்!

இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

போபோவின் மணி, மின்னல் வந்ததைச் சொல்லும். எங்கே என்று சொல்லாது. அதற்குப் பல ஊர்களில் சென்சார்கள் வேண்டும்.

ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். ஒரு பேச்சுக்கு, உத்திரமேரூர் ஏரி மேல் மின்னுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சென்சார் 80 கி.மீ. தூரத்தில், இன்னொன்று 110 கி.மீ. தூரத்தில். இரண்டாவதற்கு அலை 100 மைக்ரோ விநாடி தாமதமாகப் போய்ச் சேரும். இந்த வித்தியாசத்தை நாலைந்து சென்சார்களில் ஒப்பிட்டால், மின்னிய இடம் வரைபடத்தில் விழுந்துவிடும். அவ்ளோதான் சூட்சுமம். ஆனால் எல்லா சென்சார்களின் கடிகாரமும் துளி பிசகாமல் ஓட வேண்டும். அதற்கு ஜி.பி.எஸ். நேரம் உதவுகிறது.

புனேவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி இப்படிப்பட்ட சென்சார் வலைப்பின்னலை நம்பித்தான் இயங்குகிறது. போன் இருக்கும் இடத்தைச் சுற்றி 20 மற்றும் 40 கி.மீ. வட்டத்துக்குள் மின்னல் நடமாட்டம் இருந்தால் எச்சரிக்கும். மேகத்துக்குள்ளேயே மின்னும் மின்னல்கள், பல நேரம் தரையைத் தாக்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பே ஆரம்பித்துவிடும். வயலிலிருந்து வீட்டுக்கு நடக்க அந்த நிமிடங்கள் போதும்.

போனில் சிக்னல் இல்லையா? மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். 3 விநாடிக்கு ஒரு கி.மீ. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் உடனே கான்கிரீட் வீட்டுக்குள் போய்விட வேண்டும். சுவர் இல்லாத கொட்டகை போதாது. பம்ப்செட் ரூமுக்குள் போனாலும் மோட்டார், ஸ்விட்ச், இரும்புக் குழாய் எதையும் தொடக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வயலில் இறங்கலாம்.