கரையில் எது ஆக்கிரமிப்பு?

அஞ்சுகிராமத்துக்குக் கிழக்கே போகப் போக நாஞ்சில் நாட்டின் பச்சை குறைந்து சீமைக் கருவேலம் கூடும். கோதையாறு பாசனத்தின் கடைமடைப் பக்கம் இது. மேற்கே பழையாற்றை ஆகாயத்தாமரை மூடுகிறது. இங்கே குளத்துக் கரையையும் வாய்க்கால் கரையையும் முள் பிடித்திருக்கிறது. இரண்டுமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரை அமர்வின் உத்தரவை அடுத்து மாநிலமெங்கும் பொக்லைன் வைத்துக் கருவேலத்தைப் பிடுங்கினார்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. அந்த 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் நம் மக்களுக்கு நன்றாகவே பழக்கம். புறம்போக்கில், கரையோரம் வீடு கட்டியவர்களுக்கு வரும் நோட்டீசிலும் அதே சொல்தான். ஆசைப்பட்டா கரைக்குப் போனார்கள்? ஊருக்குள் இடம் கொடுக்கவில்லை. ஆகவே கரையைச் சீரமைக்கிறோம் என்று யார் வந்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது: அகற்றப் போவது முள்ளையா, ஆளையா?

முள்ளைத்தான் என்றால் வழி இருக்கிறது. தரைக்கு மேலே வெட்டினால் கருவேலம் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். வேர்த்தலையோடு தோண்ட வேண்டும். அதற்காகக் கரை முழுவதையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் முதல் மழையிலேயே மண் சரிந்து வாய்க்காலில் விழும். ஆடு மாடுகளின் சாணத்தில் வந்த விதையும் அந்த வெறும் மண்ணில் மறுபடி முளைக்கும். துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே நட வேண்டும். தண்ணீர் விளிம்பில் தாழை, சரிவில் வெட்டிவேரும் நொச்சியும், மேட்டில் புங்கும் நீர்மருதும் பனையும். கருவேலக் கன்று வெயில் கேட்கும். புங்கின் நிழல் விழுந்த இடத்தில் அது தலையெடுக்காது. பங்குனி, சித்திரையில் கால்வாய் அடைத்திருக்கும்போது தோண்டி, கன்னிப்பூவுக்குத் தண்ணீர் திறக்கும்போது நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.

இயந்திரத்தைவிட இதற்குக் கைகள்தான் அதிகம் வேண்டும். அங்கேதான் சிக்கல். 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் ஊராட்சிகளுக்கென்றே இயற்றப்பட்டது; அஞ்சுகிராமமோ பேரூராட்சி. பேரூராட்சிகள் நிறைந்த குமரி மாவட்டத்தில் இப்படி எத்தனையோ ஊர்க்காரர்களுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. கருவேலத்தை ஏலம் விட்டால் பணம் அரசுக்கு, லாபம் குத்தகைதாரருக்கு. கையுறைகூட இல்லாமல் முள்ளுக்குள் இறங்குவது நம் பெண்கள். இன்றும் பல வீடுகளில் அந்த முள்விறகில்தான் அடுப்பு எரிகிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. மாற்று விறகு வளரும்வரை ஒரு பகுதியை விட்டுவைப்பதில் தவறில்லை.

தாழை ஓலை பாய்க்கு ஆகும். வெட்டிவேருக்குச் சந்தை உண்டு. புங்க விதை எண்ணெய்க்குப் போகும். அவற்றை நட்டு வளர்க்கும் கரையோரக் குடும்பங்களுக்கே அந்த விளைச்சல் என்று முதல் கன்று நடுவதற்கு முன்பே பேரூராட்சி மன்றத் தீர்மானத்தில் எழுத வேண்டும். நட்டவர்களை அகற்ற மாட்டோம், பட்டாவுக்குப் பரிந்துரைப்போம் என்பதும் அதே தாளில் வர வேண்டும். அடுத்த கால்வாய் அடைப்புக்கு முன்பே உங்கள் வார்டு உறுப்பினரிடம் இதைக் கேட்டு வையுங்கள்.