பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது! பிள்ளை தயாரா?

கத்திரி வெயில் முடிகிறது. மாம்பழக் கூடைகள் குறைகின்றன. கடைத் தெருவில் புத்தகப் பைகள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன.

ஆம்! பள்ளிக்கூடம் திறக்கும் காலம் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் கோடை விடுமுறைக்குப் பிறகு ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடங்களைத் திறப்பது வழக்கம். 2023-ம் ஆண்டிலும் 2024-ம் ஆண்டிலும் வெயில் கொடுமையாக இருந்தது. அதனால் திறக்கும் தேதியைச் சில நாட்கள் தள்ளி வைத்தார்கள்.

பை வாங்கியாகிவிட்டது. நோட்டு வாங்கியாகிவிட்டது. செருப்பும் வாங்கியாகிவிட்டது. "எல்லாம் தயார்" என்று பெற்றோர் நினைக்கிறார்கள்.

பிள்ளை தயாரா? அதை யார் பார்த்தார்கள்?

விடுமுறை முடிந்து போகும் பிள்ளைக்கு முதல் வாரம் மிக முக்கியமானது. அந்த வாரத்தில் தூங்கி வழிந்தால் ஆசிரியர் சொல்வது காதில் விழாது. போன வருடத்துக் கணக்கு மறந்து போயிருந்தால் புதுக் கணக்கு புரியாது. பக்கத்துப் பையன் சிரிப்பான். வெட்கம் வரும். "வயிற்று வலி, நான் போக மாட்டேன்" என்று பிள்ளை மறுநாள் படுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் இரண்டு நாளாகும். இரண்டு நாள் பத்து நாளாகும். படிப்பு நின்று போன பல பிள்ளைகளின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

ஆகவே பத்து நாட்களுக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்.

தூக்கம்

விடுமுறையில் பிள்ளைகள் இரவு 11 மணி வரை விழித்திருப்பார்கள். டெலிவிஷன் ஒரு பக்கம், செல்போன் ஒரு பக்கம். காலையில் வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்திருப்பார்கள்.

திறக்கும் நாளன்று காலை 6 மணிக்குத் தட்டி எழுப்பினால் உடம்பு கேட்குமா? கேட்காது.

தினம் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்க வையுங்கள். கால் மணி நேரம் முன்னதாக எழுப்புங்கள். பத்து நாளில் இரண்டரை மணி நேரம் மாறிவிடும். பிள்ளைக்குக் கஷ்டமே தெரியாது.

6 வயது முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகள் ஒரு நாளைக்கு 9 மணி முதல் 12 மணி நேரம் தூங்க வேண்டும். 13 வயதுக்கு மேல் 8 மணி முதல் 10 மணி நேரம் வேண்டும். டாக்டர்கள் சொல்லும் கணக்கு இது.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனை வாங்கி வைத்துவிடுங்கள். அப்பாவும் தம் செல்போனைக் கீழே வைத்தால்தான் பையன் கேட்பான்!

மறந்து போன பாடம்

"எல்லாம் மறந்து போச்சு, அம்மா!" என்று பிள்ளை சொன்னால் கோபப்படாதீர்கள். மறப்பது மனித இயற்கை.

ஜெர்மனி நாட்டில் எபிங்காஸ் என்று ஓர் அறிஞர் இருந்தார். பொருள் இல்லாத சிறுசிறு அசைகளை அவர் மனப்பாடம் செய்தார். எவ்வளவு நாளில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்துப் பார்த்தார். 1885-ம் ஆண்டில் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

அவர் கண்டது என்ன? படித்ததில் பெரும் பகுதி முதல் நாளிலேயே போய்விடுகிறது. அதன் பிறகு மெல்ல மெல்லத்தான் போகிறது. ஒரு மாதம் ஆன பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதனால், மறந்ததைத் திரும்பப் படிக்கும்போது முதலில் ஆன நேரம் ஆகாது. சீக்கிரமே வந்துவிடுகிறது.

பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். தைரியம் வரும்.

பழைய புத்தகத்தை எடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். தினம் அரை மணி நேரம் போதும். ஒரு பக்கம் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்து கணக்கு போடச் சொல்லுங்கள். வாய்ப்பாட்டை ஒரு தடவை ஒப்பிக்கச் சொல்லுங்கள்.

"எனக்கே படிக்கத் தெரியாதே!" என்று கவலைப்படும் தாய்மார்கள் உண்டு. கவலை வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "என்ன படித்தாய்? எனக்குச் சொல்" என்று கேளுங்கள். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைக்குப் பாடம் மறக்காது. கூடவே அம்மாவும் நாலு எழுத்து கற்றுக்கொள்ளலாம்.

கண் தெரிகிறதா?

வகுப்பில் ஒரு பையன் எப்போதும் அடுத்தவன் நோட்டைப் பார்த்தே எழுதுவான். ஆசிரியர் திட்டுவார். "மக்கு" என்று பெயர் வந்துவிடும்.

ஆனால் அவனுக்குக் கரும்பலகையில் உள்ள எழுத்தே தெரியவில்லை! அது அவனுக்கே தெரியாது. எல்லாருக்கும் இப்படி மங்கலாகத்தான் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர் இருக்கிறது அல்லவா? அதிலிருந்து பத்து அடி தள்ளிப் பிள்ளையை நிறுத்துங்கள். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். நல்ல பார்வை உள்ள பெரியவர் அதே இடத்தில் நின்று படிக்கும் எழுத்தைப் பிள்ளையால் படிக்க முடியவில்லையா? கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா? உடனே கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் காட்டலாம்.

"பெண் பிள்ளைக்குக் கண்ணாடியா?" என்று தயங்காதீர்கள். கண்ணாடி போட்டால் அழகு கெடாது. போடாவிட்டால் படிப்பு கெடும்.

பையா, மூட்டையா?

மத்திய அரசு 2020-ம் ஆண்டில் புத்தகப் பைக்கு ஒரு கொள்கை வெளியிட்டது. பையின் எடை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். 30 கிலோ எடை உள்ள பிள்ளை 3 கிலோ பைக்கு மேல் சுமக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 2012-ம் ஆண்டில் முப்பருவ முறை கொண்டு வந்தார்கள். ஒரு பெரிய புத்தகத்தை மூன்றாகப் பிரித்தார்கள். சுமையைக் குறைப்பதும் அதன் நோக்கம்.

ஆகவே பை வாங்கும்போது படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். தோள் பட்டை அகலமாக இருக்கிறதா, வெறும் பையே கனக்கிறதா என்று பாருங்கள். அன்றைய பாடத்துக்கு வேண்டியதை மட்டும் முதல் நாள் இரவே பிள்ளையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

செலவைக் குறைக்க

போன வருடத்து நோட்டுகளில் எழுதாத தாள்கள் எவ்வளவோ இருக்கும். அவற்றைப் பிரித்து எடுத்து, ஊசி நூலால் தைத்தால் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு நோட்டு தயார். அட்டை போடக் கடைக்குப் போக வேண்டாம். பழைய காலண்டர் தாள் போதும். பசை காய்ச்ச ஒரு கரண்டி மைதா இருந்தால் சரி.

கடன் வாங்கிப் பகட்டாகப் பை வாங்குவதைவிட, ஒரு டம்ளர் பாலுக்கு அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளலாம்.

ஐந்து முடித்து ஆறு

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்குப் பல ஊர்களில் வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும். தூரம் அதிகம். முகங்கள் புதிது. ஒரு ஆசிரியருக்குப் பதில் பாடத்துக்கு ஒரு ஆசிரியர். பிள்ளை மிரண்டு போகும்.

திறப்பதற்கு முன்பே ஒரு நாள் பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்த வழியே நடந்து பாருங்கள். பஸ் எங்கே நிற்கிறது, எங்கே ரோட்டைக் கடப்பது என்று காட்டுங்கள். அதே பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை தெருவில் இருந்தால் இருவரையும் சேர்த்து அனுப்புங்கள்.

"பெண் பிள்ளை, தூரம் அதிகம், ஐந்தோடு போதும்" என்று சில வீடுகளில் பேச்சு எழும். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற பெண், பிறகு தன் குழந்தையின் மருந்துச் சீட்டைக்கூட அடுத்தவரிடம் காட்டிக் கேட்க நேரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கல்வி பெறும் உரிமையை அது கொடுத்தது.

மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் ஆகிறது என்பதற்காக அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. பிள்ளையை அடிக்கவும் கூடாது. அடிக்குப் பயந்து போக மறுக்கும் பிள்ளைக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

வறுமையால் பிள்ளை நின்றுவிடக் கூடாது என்று தமிழ்நாட்டில் பல காலமாக முயற்சி நடந்து வந்திருக்கிறது. 1956-ல் காமராஜர் முதல்-அமைச்சராக இருந்தபோது மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் தொடங்கியது. பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதை அனைவரும் ஒப்புக்கொண்டதன் அடையாளம் இது.

திறந்த பிறகு

முதல் நாள் மாலை பிள்ளை திரும்பி வந்ததும் "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். "யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்? மதியம் யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள்.

பதில் சொல்லாமல் பிள்ளை தலை குனிந்தால் விட்டுவிடாதீர்கள். மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியரைப் பாருங்கள். கூலி வேலைக்குப் போகிறவராக இருந்தாலும், அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லை. முதல் வாரத்தில் பேசினால் சின்ன விஷயமாக முடிந்துவிடும்.